பிளாஸ்திரி ஒட்டிய பொத்தான்

முழங்கால் வலி, சர்க்கரை, பேரப்பிள்ளைகளின் மார்க்கு. இந்த மூன்றையும் விட்டால் நம் வயதுக்காரர்களுக்குப் பேச வேறு விஷயமே கிடையாது என்று என் மகன் சொல்கிறான். நம் பழைய ரப்பர்த் தோட்டத்து வாட்சப் குழுவைப் பார்த்தால் அவன் சொல்வது சரி என்றுதான் படுகிறது. ஆகவே இன்றைக்கு வேறு ஒன்றைச் சொல்கிறேன். கித்தாருக்கு டியூனர், அதாவது சுதி பார்க்கிற கருவி, வாங்கிய கதை. ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை. நடுவில் நாற்பது வருடத்துக்கும் மேல் ஓடிவிட்டது.

போன மாதம் அக்கா செமிலிங்கிலிருந்து போன் செய்தாள். எங்கள் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, தவறிப்போய் அப்போதுதான் நாற்பது நாள் ஆகியிருந்தது.

"மாமாவோட கித்தாரு இங்க வந்திருச்சு. அத்தை குடுத்து விட்டிருக்காங்க. சின்னவன் வாங்கி மூலையில போட்ட மரக் கித்தாரும் கெடக்கு. நீ சுங்கைப் பட்டாணி போறப்ப ஒரு டியூனர் வாங்கிட்டு வா லா. ரெண்டுக்கும் ஒத்து வரணும்."

எங்கள் வீட்டில் அந்தக் காலத்திலிருந்தே மரக் கித்தார், கரண்டு கித்தார் என்றுதான் பேச்சு. வெறும் மரப்பெட்டியில் ஓசை வருவது மரக் கித்தார். வயர் செருகி ஸ்பீக்கர் வைத்தால்தான் பேசும் என்பது கரண்டு கித்தார்.

"யாருக்கா வாசிக்கப் போறது?"

"நான்தான். வேற யாரு?"

அக்கா பதினெட்டு வயதில் கித்தாரைக் கீழே வைத்தவள். அதன்பிறகு அதைத் தொட்டு நான் பார்த்ததில்லை. கீழே வைத்ததில் எனக்கும் ஒரு பங்கு உண்டு.

கடைக்குப் போனால் ஒரு சுவர் முழுக்க டியூனர். கவுண்டரில் இருந்த தம்பி பொறுமைசாலி. என்னைப் பார்த்துக் கதவு தவறி வந்துவிட்டேன் என்று நினைக்காமல், "என்ன மாதிரி கித்தாரு ஆண்டி?" என்று கேட்டான். மரக் கித்தாரின் தலையில் கவ்விக்கொள்ளும் ஒன்றைக் காட்டினான். அது காதால் கேட்காதாம், மரத்தின் நடுக்கத்தைப் பிடிக்குமாம். பக்கத்தில் சந்தையே கூடினாலும் கவலை இல்லையாம். கரண்டு கித்தாருக்கு, வயர் செருகிக் காலால் மிதிக்கிற இரும்புப் பெட்டி. மேடையில் ஏறுகிறவர்களுக்கு அதுதான் நல்லது, வீட்டில் உட்கார்ந்து வாசிக்க அவ்வளவு தேவையில்லை என்றான். கவ்வுகிறதைக் கரண்டு கித்தாரிலும் மாட்டலாம், அதற்கும் மரத் தலைதானே என்றும் சொன்னான். போனிலேயே இலவசமாக ஒன்று இறக்கிக்கொள்ளலாம் என்றுகூடச் சொன்னான். விற்கிறவன் இப்படிப் பேசினால் கடை எப்படி நடக்கிறதோ தெரியவில்லை.

நான் அவன் கையில் இருந்ததைப் பார்க்காமல் மனதுக்குள் வேறொரு பழைய கடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உங்களில் சிலருக்கு நம் தோட்டத்துக் கோயில் நினைவிருக்கும். சுங்கை லாலாங்கைத் தாண்டி, செம்மண் சாலை வளைகிற இடத்தில் தகரக் கூரை போட்ட சின்ன மாதா கோயில். கிறிஸ்தவக் குடும்பங்கள் இருபதுகூட இருக்காது. ஃபாதர் டவுனிலிருந்து மாதம் ஒருமுறை வந்து பூசை வைப்பார். மற்ற ஞாயிறுகளில் ஜெபம், பாட்டு எல்லாம் அப்பா.

அப்பாவுக்கு வேலை தோட்டத்து ஸ்டோரில் ரப்பர் பால் நிறுப்பது. மரம் வெட்டி முடித்து வாளியோடு வரிசையில் நிற்பார்கள். அப்பா தராசின் முள்ளைப் பார்த்து எடையைச் சொல்வார். குறைவாகச் சொல்கிறார் என்று தினமும் ஒருவராவது சண்டைக்கு வருவார். "முள்ளு பொய் சொல்லாதும்மா" என்று அப்பா ஒரே பதிலைச் சொல்வார். அம்மாவும் பால் வெட்டுகிறவள்தான். அவள் வாளிக்கும் அதே பதில்தான். தன் வீட்டு வாளிக்கு முள்ளைச் சாய்க்காதவர் என்ற பெயர் அப்பாவுக்கு இருந்தது. அந்தப் பெயரை அவர் உயிர்போல் காத்தார்.

அந்தத் தராசின் பின்பக்கம் முள்ளை முன்பின் நகர்த்துகிற ஒரு திருகாணி இருந்தது. வருடம் ஒருமுறை அரசாங்க ஆள் வந்து சோதித்து, அந்தத் திருகாணி மேல் ஈயத்தை உருக்கி முத்திரை குத்திவிட்டுப் போவார். முத்திரை உடைந்தால் வேலை போய்விடும். நாங்கள் தூரத்தில் நின்றுதான் அதைப் பார்ப்போம். சரியான அளவு என்பது மேலேயிருந்து ஒருவர் வந்து வைத்துவிட்டுப் போவது, அதில் நாம் கை வைக்கக்கூடாது. இது அப்பாவின் எலும்பில் ஊறிப்போயிருந்தது.

கோயிலில் அவர் ஆர்மோனியம் வாசிப்பார். பழைய ஃபாதர் ஒருவர் விட்டுப்போன பெட்டி. திறந்தால் பாச்சை உருண்டை வாசமும் கரப்பான் வாசமும் கலந்து அடிக்கும். துருத்தியில் கிழிந்த இடத்தை அப்பா ரப்பர் பால் தடவி ஒட்டியிருந்தார். பூசைத் துணிகளுக்கு அடுத்தபடி அந்தக் கோயிலில் மரியாதை அந்தப் பெட்டிக்குத்தான்.

அக்கா அப்போது அஞ்சாம் பாரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தாள். டவுன் இளைஞர் குழு விட்டுப்போன ஒரு மரக் கித்தாரை எடுத்துத் தானாகவே பழகிக்கொண்டாள். அப்பா பெட்டியில் ஒரு கட்டையை அமுக்குவார். அக்கா கண்ணை மூடிக்கொண்டு கம்பியை முறுக்குவாள். கம்பி அழும், இழையும், சட்டென்று பெட்டியின் ஓசைக்குள் போய் மறைந்துவிடும். "ஆங்" என்பாள். மற்ற ஐந்தையும் அந்த ஒன்றைக் கேட்டே சேர்த்துவிடுவாள். எனக்கு அப்போது பத்து வயது. அக்காவுக்கு எல்லாம் சுலபமாக வருகிறதே என்று எரிச்சலாக இருக்கும்.

அந்த வருடம் மாதா திருவிழாவுக்கு டவுனிலிருந்து ஃபாதரோடு ஒரு சிஸ்டரும் வருவதாக இருந்தது. கன்னியர் மடத்துப் பாலர் பள்ளியைப் பார்த்துக்கொள்கிறவர். பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க, கித்தார் தெரிந்த பெண் ஒருத்தி அவருக்கு வேண்டும். மடத்திலேயே தங்கிக்கொள்ளலாம், மேற்கொண்டு படிக்கவும் வைப்பார்கள். பூசையில் அக்கா வாசிப்பதைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று ஃபாதர் மூலம் சொல்லி அனுப்பியிருந்தார். அம்மா அதற்குள் அக்காவுக்கு இரண்டு புதுப் பாவாடை தைத்துத் துணிப்பெட்டியில் வைத்துவிட்டாள். "எங்கூட பால் வெட்ட நெரைக்கு வரவேண்டாம் அவ. அது ஒண்ணு போதும் எனக்கு" என்று அடுப்பைப் பார்த்தே சொல்வாள்.

இதற்குள் மாமா வந்தார். புக்கிட் செலம்பாவிலிருந்து மோட்டார் சைக்கிளில், முதுகில் சிவப்புக் கரண்டு கித்தாரை மாட்டிக்கொண்டு. கல்யாண வீடுகளில் வாசிக்கிற பேண்டில் அவர் ஆள். திருவிழாவில் அவரும் சேர்ந்து வாசித்தால் எடுப்பாக இருக்குமே என்று அப்பாதான் கூப்பிட்டிருந்தார். எங்கள் வீட்டு முன் கூடத்தில் இரண்டு கித்தாரும் சேர்ந்து வாசித்த முதல் பாட்டே நாராசம். தகரத்தில் ஆணியால் கீறுகிற மாதிரி இருந்தது.

"ஒன் கித்தாரு சுதி ஏறிக் கெடக்கு பாப்பா," என்றார் மாமா.

"பெட்டியோட சேருதே மாமா."

"நான் எங்க பேண்டு கீபோர்டோட சேர்த்தது. அது ஜப்பான் சாமான். தப்புமா?"

மச்சானா மகளா என்று அப்பா எவர் பக்கமும் சாயவில்லை. இதற்கென்று முள் வைத்த கருவி ஒன்று வந்திருக்கிறதாம், வாங்கிவிடுவோம், அது சொல்லட்டும் என்றார். அவர் புத்தி போகிற வழி அது ஒன்றுதான்.

சனிக்கிழமை காலை பஸ் ஏறி சுங்கைப் பட்டாணி போனோம். அப்பா, மாமா, பள்ளிக்கூட சப்பாத்து வாங்க வேண்டியிருந்ததால் நானும். இசைக்கருவிக் கடையில் சீனத் தவுக்கே, அதாவது முதலாளி, கண்ணாடிப் பெட்டியின் மேல் இரண்டு கருவிகளை வைத்தார். ஒன்று சோப்புக்கட்டி அளவு. வயர் செருக ஒரு ஓட்டை மட்டும். மாமாவுக்கு அதுதான் பிடித்தது. "மேடையில சத்தம் இருந்தாலும் வயர் வழியா நம்ம கித்தாரு மட்டுந்தான் அதுக்குக் கேக்கும் மச்சான்," என்றார். ஆனால் மரக் கித்தாரில் வயர் செருக இடம் ஏது? இன்னொன்று கொஞ்சம் பெரியது. ஓட்டையும் இருந்தது, ஓரத்தில் சல்லடை மாதிரிச் சின்னத் துளைகளும் இருந்தன. தவுக்கே அதன் பக்கத்தில் விசிலடித்தார். முள் துள்ளியது. "இனி போலே துவா-துவா," என்றார். இரண்டுக்கும் ஆகும்.

மாமா முகத்தைச் சுளித்தார். சத்தம் இருக்கிற இடத்தில் அந்தத் துளை எல்லாவற்றையும் கேட்டுக் குழம்பும் என்பது அவர் கட்சி. அதிலும் நியாயம் இருந்தது. ஆனால் கோயிலுக்கு எது வேண்டும் என்பதில் அப்பாவுக்குச் சந்தேகமே இல்லை.

தவுக்கே கருவியின் பக்கவாட்டில் இருந்த ஒரு சின்னப் பொத்தானைக் காட்டினார். ஆர்கனோடு சேர வேண்டுமானால் இதை அமுக்கி அளவை ஏற்றிக்கொள், இறக்கிக்கொள் என்று மலாயில் சொன்னார். நான் கேட்டேன். அப்பாவும் கேட்டார்.

"மானா யாங் பெத்தூல்?" என்றார் அப்பா. எது சரியான அளவு?

தவுக்கே நானூற்று நாற்பது என்ற எண்ணைக் காட்டினார். உலகம் முழுக்க இதுதான் என்றார். அப்பாவின் முகம் தெளிந்துவிட்டது. அரசாங்க முத்திரையைப் பார்த்த முகம் அது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஆஸ்பத்திரி பிளாஸ்திரியில் ஒரு துண்டை வெட்டி அந்தப் பொத்தான் மேல் ஒட்டினார். ஒட்டி, பால்பாயிண்ட் பேனாவால் அதன் மேல் கையெழுத்தும் போட்டார். "யாரும் தொடக்கூடாது" என்றார். நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. அதில் சிரிக்க ஏதும் இருந்ததாக அப்போது தோன்றவில்லை.

என் கண் கூர்மை என்று கருவியை என்னிடம் கொடுத்தார். ஒரு பெரிய பொறுப்பு கைக்கு வந்ததில் எனக்குத் தலை கால் புரியவில்லை. மாமாவின் கம்பிகளுக்கு முள் நட்டநடுவில் நின்றது. அக்கா முதல் கம்பியைத் தட்டினாள். முள் நடுவைத் தாண்டி வலது பக்கம், மூன்றாவது கோட்டில் நின்றது. "தப்பு!" என்றேன். இரண்டாவது கம்பி. அதே மூன்றாவது கோடு. "தப்பு!" ஆறு கம்பிக்கும் முள் அங்கேயே போய் நின்றது. ஆறு தடவையும் கத்தினேன். ஒவ்வொரு தடவையும் முந்தினதைவிடச் சந்தோஷமாக.

"பெட்டியோட சேருதுப்பா," என்றாள் அக்கா மறுபடியும்.

"பெட்டிக்கு முள்ளு இருக்காம்மா?"

அக்கா ஆறையும் இறக்கினாள். முள் நடுவுக்கு வந்தது. இரண்டு கித்தாரும் இப்போது ஒன்றோடொன்று பிரமாதமாகச் சேர்ந்தன. மாமா தொடையில் தட்டினார். ஆர்மோனியப் பெட்டியை அன்று மாலையே பீடத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பூ ஜோடித்திருந்தார்கள். அதை எடுத்து ஒருமுறை ஒத்துப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஞாயிறு பூசைக்குள் கரண்டு கித்தார் கூடாது, சாயங்கால மேடைக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று ஃபாதர் சொல்லிவிட்டார். ஆகவே வருகைப் பாட்டுக்குப் பெட்டியும் அக்காவும் மட்டும். சிஸ்டர் முதல் பெஞ்சில். முதல் வரியிலேயே பாடுகிறவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எந்தச் சுதியைப் பிடிப்பது என்று தெரியாமல் பாட்டு இரண்டாகக் கிழிந்து ஓடியது. அப்பாவின் கழுத்து சிவந்தது.

வாசகம் நடக்கும்போது அக்கா குனிந்து, கம்பியில் விரலை அழுத்தியபடி ஓசை வராமல் ஒவ்வொன்றாக முறுக்கி ஏற்றினாள். அடுத்த பாட்டு தொடங்கியது. கித்தார் பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. சொல்லப்போனால் அவ்வளவு நன்றாக அந்தக் கோயிலில் பாட்டு ஒலித்ததே கிடையாது. இரண்டு வரிதான். அதற்குள் அப்பா அவள் முறுக்காணியைத் திருகியதைப் பார்த்துவிட்டிருந்தார். அவர் கணக்கில் முத்திரையை உடைத்துவிட்டாள். அவர் வாசிப்பதை நிறுத்தாமலே தலையை அசைத்துக் கித்தாரைக் கீழே வைக்கச் சொன்னார். வைத்துவிட்டாள். மிச்சப் பூசை பெட்டியோடு மட்டும் முடிந்தது.

பூசை முடிந்ததும் முந்திரி மரத்தடிக்கு சிஸ்டர் வந்தார். "என்னம்மா ஆச்சு?" என்று அக்காவைத்தான் கேட்டார். அக்கா வாயைத் திறப்பதற்குள் அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"அந்த முள்ளக் கொண்டா. எம் மகள்னு நான் பேசக்கூடாது சிஸ்டர். நீங்களே பாருங்க."

அக்கா ஆறு கம்பியையும் ஒவ்வொன்றாகத் தட்டினாள். முள் ஒவ்வொரு தடவையும் வலது பக்கம் மூன்றாவது கோட்டில், தைத்துவைத்த மாதிரி நின்றது. நான் கணீரென்று சொன்னேன். தப்பு, தப்பு, தப்பு, தப்பு, தப்பு, தப்பு. சிஸ்டர் என் தலையைத் தடவிக்கொடுத்தார். "நேரா வச்சதையும் கலைச்சிட்டா" என்று அப்பா நேர்மையாகச் சாட்சி சொன்னார். "இன்னும் கொஞ்சம் பழகட்டும்" என்று சிஸ்டர் மெதுவாகச் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

சாயங்காலம் மேடையில் மாமா வெளுத்து வாங்கினார். அக்கா கோயில் பின்னால் பிரியாணிச் சட்டி தேய்த்துக்கொண்டிருந்தாள். செவ்வாய்க்கிழமை அம்மாவோடு நிரைக்குப் போனாள். புதுப் பாவாடைகள் துணிப்பெட்டியிலேயே இருந்து எனக்கு உயரம் வந்தபோது எனக்கு வந்தன. நானும் கட்டிக்கொண்டு திரிந்தேன்.

பிறகு அவளுக்குக் கையுறைத் தொழிற்சாலை, கல்யாணம், செமிலிங், மூன்று பிள்ளைகள். கெட்டுப்போன வாழ்க்கை என்று சொல்ல ஒன்றுமில்லை. வீடு இருக்கிறது, கார் ஓட்டுகிறாள். அப்பா போனபிறகு அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தபோது அந்தக் கருவி கிடந்தது. பேட்டரி கசிந்து பச்சை பூத்திருந்தது. பிளாஸ்திரி மேல் அவர் கையெழுத்து மட்டும் தெளிவாக இருந்தது.

கடைத் தம்பி என்னை நிகழ்காலத்துக்கு இழுத்தான். கவ்வுகிற டியூனரின் பின்னால் ஒரு பொத்தானைக் காட்டினான். "இது நானூத்தி நாப்பது ஆண்டி. பழைய பியானோ, ஆர்மோனியம் கூட வாசிக்கணும்னா இத அமுக்கி ஏத்திக்கலாம். பழசு சிலது சுதி ஏறி இருக்கும், அதைத் திருப்பி வைக்கிறது பெரிய வேலை."

"தம்பி, ஆறு கம்பியும் ஒரே மாதிரி வலது பக்கம் தள்ளி நின்னா என்ன அர்த்தம்?"

"ஒரே இடத்துலயா?"

"ஒரே இடத்துல. மூணாவது கோடு."

"அப்ப கம்பி எதுவும் தப்பில்ல ஆண்டி. வேற எதையோ கேட்டு வச்சிருக்காங்க. கேட்டு அப்படி ஆறையும் வைக்கிறதுன்னா சும்மாவா? காது தப்பா இருந்தா ஒண்ணு அங்க நிக்கும், ஒண்ணு இங்க நிக்கும்."

அவன் நாற்காலி எடுத்துப் போட்டான். என் முகம் எப்படி இருந்ததோ. பத்து வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று நீங்கள் சொல்வீர்கள். பொத்தானைப் பற்றித் தவுக்கே சொன்னதை நான் கேட்டேன். முள் ஒரே இடத்தில் நின்றதை இந்தக் கண்ணால் பார்த்தேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு ஆசையில்லை, அவ்வளவுதான். அக்கா தப்பு என்று சொல்வது அத்தனை இனிப்பாக இருந்தது. இந்த வயதில் அதற்காக வெட்கப்பட்டேன்.

அந்தக் கவ்வுகிறதையே வாங்கிக்கொண்டு செமிலிங் போனேன். அக்கா மரக் கித்தாரை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். நான் டியூனரை எடுப்பதற்குள் அவள் கண்ணை மூடிக் கம்பிகளை முறுக்க ஆரம்பித்துவிட்டாள். பெட்டியும் இல்லை, கட்டை அமுக்க அப்பாவும் இல்லை. விரல்கள் தடுமாறின. கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு "ஆங்" என்றாள்.

டியூனரைக் கித்தாரின் தலையில் கவ்வ வைத்தேன். அவள் தட்டினாள். சின்னத் திரையில் முள் வலது பக்கம் போய் நின்றது. அடுத்த கம்பி. அதே இடம். ஆறும் அதே இடம். நாற்பது வருடமாக அந்தப் பெட்டியின் சுதியைக் காதிலேயே வைத்திருந்திருக்கிறாள்.

"அக்கா, பெட்டிதான் தப்பு."

"தெரியும்."

"எப்ப தெரியும்?"

"அப்பவே தெரியும் லா. மாமா வந்து வாசிச்ச அன்னைக்கே."

"அப்புறம் ஏன் சொல்லல? மரத்தடியில வச்சு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"சிஸ்டர் முன்னாடி, அத்தனை பேருக்கு முன்னாடி, அப்பாவோட அளவு தப்புன்னு சொல்லச் சொல்றியா? மறுநாள் ஸ்டோர்ல யாரு அவரு முள்ள நம்புவா?"

டியூனரின் பின்னால் இருந்த பொத்தானைத் தேடி அமுக்கினேன். நானூற்று நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு என்று ஏறியது. நாற்பத்தெட்டில் நிறுத்தினேன். "தட்டுக்கா" என்றேன். தட்டினாள். முள் நட்டநடுவில் வந்து நின்று திரை பச்சையானது.

"சரி," என்றேன்.

அடுத்த கம்பியைத் தட்டாமல் என்னையே பார்த்தாள். "அன்னைக்கு எப்படிக் கத்துன? அதுமாதிரி கத்திச் சொல்லு."

கத்தினேன். ஆறு கம்பிக்கும் ஆறு தடவை. நாலாவது தடவை குரல் உடைந்துவிட்டது, ஆனாலும் விடவில்லை. பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மா என்னவோ ஏதோ என்று வேலி மேல் எட்டிப் பார்த்தார். அக்கா அவருக்குக் கையைக் காட்டிவிட்டு, மாமாவின் சிவப்புக் கித்தாரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.